செவ்வாய் மண்ணிடம் கேட்ட வினா

இரவு வானில் செந்நிறமாய் ஒளிரும் கோள் ஒன்று உண்டு. அதன் நிறத்தைக் கண்டே தமிழர் அதற்குச் செவ்வாய் எனப் பெயரிட்டனர். புவிக்கு அப்பால் உயிர் உண்டா என்னும் வினா எழுந்தபோதெல்லாம் மனிதரின் பார்வை பெரும்பாலும் அக்கோளின் மீதே சென்றது. அங்கும் ஒரு நாள் என்பது 24 மணி நேரத்தைவிடச் சற்றே மிகுதி. துருவங்களில் பனி படிகிறது, பருவங்கள் மாறுகின்றன. புவியோடு இத்தனை ஒப்புமை உடைய கோளில் உயிரும் இருக்கலாம் என எண்ணியதில் வியப்பில்லை.

1877ஆம் ஆண்டில் இத்தாலிய வானியலறிஞர் ஸ்கியாபரெல்லி, தொலைநோக்கியின் வழியே செவ்வாயின் மீது மெல்லிய கோடுகளைக் கண்டதாகக் கூறினார். அவற்றைத் தம் தாய்மொழியில் 'கனாலி' என்று குறித்தார். இயற்கையாய் அமைந்த நீர்த்தடம், மனிதர் வெட்டிய கால்வாய் ஆகிய இரு பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. ஆங்கிலத்தில் பெயர்த்தோர் இரண்டாவது பொருளையே எடுத்துக்கொண்டனர். கால்வாய் என்றால் வெட்டியவர் ஒருவர் இருக்க வேண்டுமல்லவா? அமெரிக்கரான பெர்சிவல் லோவெல் 1894இல் அரிசோனாவில் ஒரு வானாய்வகத்தையே நிறுவினார். வறண்டுவரும் தம் உலகைக் காக்கச் செவ்வாய் மக்கள் துருவப் பனிநீரைக் கால்வாய்களில் கொண்டுவருகின்றனர் என்று நூல்கள் எழுதினார். 1965இல் மாரினர் 4 என்னும் விண்கலம் செவ்வாயின் அருகே பறந்து படம் எடுத்து அனுப்பியது. படங்களில் விண்கற்கள் மோதி உண்டான பள்ளங்கள் தெரிந்தன. கால்வாய் ஒன்றுகூட இல்லை. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் தடம் மாறினால் ஓர் உலகமே கற்பனையில் எழுந்துவிடும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

அறிவுடைய மக்கள் இல்லை என்றாயிற்று. ஆனால் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கக்கூடாதா? இவ்வினாவைச் செவ்வாய் மண்ணிடமே நேரில் கேட்கப் புறப்பட்டவை வைக்கிங் 1, வைக்கிங் 2 என்னும் இரு கலங்கள். முதற்கலம் 1976 ஜூலை 20 அன்றும் இரண்டாவது கலம் அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்றும் தரையிறங்கின. புவியின் நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தால் தேடுவதும் நாமே, கிடைப்பதும் நாமே என்றாகிவிடும். ஆகையால் அக்கலங்களைப் புறப்படுமுன் நெடுநேரம் சூடேற்றித் தூய்மை செய்தனர்.

கில்பர்ட் லெவின் என்னும் அறிஞர் வகுத்த சோதனையைப் புரிந்துகொள்ள நம் வீட்டு அடுக்களையே போதும். அரைத்து வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி எழுகிறது. மாவிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு வளியை வெளிவிடுவதே காரணம். லெவினும் அதே முறையில் சிந்தித்தார். ஒரு சிட்டிகை செவ்வாய் மண்ணின் மீது ஊட்டக்கரைசல் துளிகளை இட வேண்டும். அக்கரைசலில் கதிரியக்கக் கார்பன் கலந்திருக்கும். மண்ணில் உயிர் இருந்து அதை உண்டால் வெளிவரும் வளியிலும் அக்கார்பன் இருக்கும். கருவி அதனைக் கண்டுகொள்ளும்.

வளி வந்தது! விரைந்தும் மிகுந்தும் வந்தது. பின்னர் மண்ணின் வேறொரு பகுதியை எடுத்து 160 பாகை செல்சியசில் மூன்று மணி நேரம் சூடாக்கிய பின் கரைசலை இட்டனர். இம்முறை வளி ஏறத்தாழ வரவில்லை. வேகவைத்த மாவு புளிப்பதில்லை அன்றோ? சூட்டில் உயிர்கள் மடிந்தன என்று கொள்ளவே இம்முடிவு இடமளித்தது.

ஆயினும் அறிஞர்கள் உடனே கொண்டாடவில்லை. அதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. எலுமிச்சைச் சாற்றில் சமையற்சோடாவை இட்டாலும் நுரை பொங்குகிறது. ஆனால் அங்கே பொங்கச் செய்வது உயிர் அன்று, வேதிவினை. கரைசலை இரண்டாம் முறை இட்டபோது புதிதாக வளி எழவில்லை. உயிராயின் மீண்டும் உண்டிருக்க வேண்டும். வேறொரு சோதனையில் ஈரம் பட்டவுடனேயே மண் ஆக்சிசனை வெளிவிட்டது. சூடாக்கிய மண்ணும் அவ்வாறே செய்தது. எல்லாவற்றினும் மேலாக, மண்ணைச் சூடேற்றி ஆராய்ந்த மற்றொரு கருவி, உயிரின் உடலை ஆக்கும் கரிமச் சேர்மங்கள் மண்ணில் இல்லை என்றது. உடல் இல்லாமல் உயிர் ஏது? எனவே, மண்ணிலுள்ள ஏதோ ஒரு வேதிப்பொருளே கரைசலைச் சிதைத்தது என்னும் முடிவுக்குப் பெரும்பாலோர் வந்தனர். லெவின் உடன்படவில்லை. 2021இல் தமது 97ஆம் வயதில் மறையும் வரை தாம் கண்டது உயிரின் அடையாளமே என்று வாதிட்டார்.

கதை அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் 2008இல் செவ்வாயின் வடதுருவப் பகுதியில் இறங்கிய பீனிக்ஸ் கலம், மண்ணில் பெர்குளோரேட் என்னும் உப்பு இருப்பதைக் கண்டது. சூடேறும்போது அவ்வுப்பு கரிமச் சேர்மங்களை எரித்துவிடும் இயல்புடையது. அவ்வாறாயின், தேடிய பொருளை வைக்கிங் கருவியே தன் சூட்டால் அழித்திருக்கலாம்! பின்னர்க் கியூரியாசிட்டி ஊர்தி பழைய ஏரிப் படிவுப் பாறைகளில் கரிமச் சேர்மங்களைக் கண்டறிந்தது. எனினும் கரிமச் சேர்மம் என்பது உயிர் அன்று. விண்கற்களிலும் அது உண்டு. லெவினுக்கு எதிரான வாதங்களுள் ஒன்று வலுவிழந்தது. மற்றவை இன்றும் நிற்கின்றன. அவருடைய எதிரிகளும் உண்மையையே தேடினர் என்பதை மறத்தல் கூடாது.

நம் நாடும் இத்தேடலில் பங்குகொண்டது. 2013 நவம்பர் 5 அன்று சிறீஅரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட மங்கள்யான், 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. அதன் திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்தவர். அக்கலம் சுமந்த ஐந்து கருவிகளுள் ஒன்று மீத்தேன் வளியைத் தேடுவது. புவியில் மீத்தேனைப் பெரிதும் உண்டாக்குபவை உயிர்களே. எனினும் பாறையும் நீரும் வினைபுரிந்தும் அது தோன்றக்கூடும். இங்கும் அதே சிக்கல்தான்.

2024 ஜூலையில் பெர்சிவியரன்ஸ் ஊர்தி, பழைய ஆற்றுத்தடம் ஒன்றில் சிறுத்தைத் தோல் போன்ற புள்ளிகள் உடைய பாறையைக் கண்டது. புவியில் அத்தகைய புள்ளிகளோடு நுண்ணுயிர்கள் தொடர்புடையன. உயிரின்றியும் அவை தோன்ற இயலும். பாறையைத் துளைத்து எடுத்த துண்டு ஒரு குழாயில் அடைக்கப்பட்டது. புவியின் ஆய்வகங்களுக்கு வந்தாலன்றி ஐயம் தீராது. அக்குழாய் இன்னும் செவ்வாயில்தான் இருக்கிறது.

சொற்பொருள்
அடுக்களை – சமையலறை. வளி – காற்று, வாயு. பாகை – வெப்ப அளவின் அலகு. படிவு – அடியில் தங்கியது. ஐயம் – சந்தேகம். மடிந்தன – இறந்தன.

பயிற்சி
1. 'கனாலி' என்னும் சொல் எவ்வாறு தவறான எண்ணத்திற்கு வழிவகுத்தது? உங்கள் வீட்டு மொழிக்கும் நீங்கள் வாழும் ஊரின் மொழிக்கும் இடையே இவ்வாறு பொருள் மாறும் சொல் ஒன்றைக் கேட்டறிந்து எழுதுக.
2. மண்ணைச் சூடாக்கியும் சோதனை செய்தது ஏன்?
3. லெவின் பக்கம் ஒருவரும் மறுப்போர் பக்கம் ஒருவருமாக நின்று வகுப்பில் உரையாடுக. பின்னர் இடம் மாறி வாதிடுக.
4. பிரித்து எழுதுக: செந்நிறம், நுண்ணுயிர், வானாய்வகம்.