மலைவழி வந்த மார்க்கமும் தமிழும்

கேரள நாட்டில் இஸ்லாம் எவ்வழியாகப் பரவியது என்று கேட்டால் நம்மில் பலரும் கடற்கரையையே சுட்டுவோம். கொடுங்கல்லூர், கோழிக்கோடு, பொன்னானி ஆகிய துறைகளும் அரபு வணிகரின் கப்பல்களும் நம் நினைவில் முந்தி நிற்கும். அது மெய்யே; ஆயினும் பாதி மெய்தான். மலைவழியாகவும் முஸ்லிம்கள் அங்குச் சென்றனர். தமிழ் பேசிக்கொண்டே சென்றனர். சென்ற விடுமுறையில் பாலக்காட்டிலும் பீருமேட்டிலும் கண்டவற்றைக் கொண்டு, அந்த மறுபாதியை மன்ற நண்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை விலகி நிற்கும் இடமே பாலக்காட்டுக் கணவாய். 1766இல் ஐதர் அலி பாலக்காட்டில் கோட்டை எழுப்பியதும் இவ்வழியின் பயன் கருதியே. தெற்கே, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளிக்கு ஏறும் பாதை இடுக்கி மலைகளுக்கு வாயிலாகும். இத்தகைய வழிகளால் சென்று குடியேறியோரே இராவுத்தர்கள். குதிரை வீரன் என்பது அப்பெயரின் பொருள். என் தந்தைவழி உறவினர் சிலரும் பாலக்காட்டில் உள்ளனர்.

கடல்வழி, மலைவழி என்ற வேறுபாட்டை ஒரே மாலைப்பொழுதில் செவியாலேயே அறிந்தேன். பெரியத்தாவின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது ஒரு பள்ளிவாசலிலிருந்து அஸர் பாங்கு ஒலித்தது. நான் எழுந்தேன். "இரு தம்பி, நம்ம பாங்கு இன்னும் சொல்லல" என்றார் அவர். காரணம் இதுதான்: கேரளத்து மாப்பிள்ளை முஸ்லிம்கள் ஷாஃபி மத்ஹபினர். ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழல் நீங்கலாக, அப்பொருளின் அளவு நீண்டதும் அவர்களுக்கு அஸர் நேரம் வந்துவிடும். இராவுத்தர்களோ பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபினர். நிழல் இரு மடங்கு ஆகும்வரை காத்திருப்பர். அரபு வணிகருடன் கடல்வழி வந்தது ஒரு சட்ட மரபு; உள்நாட்டு வழிகளில் பரவியது மற்றொன்று. ஊருக்கு வந்த வழியை ஒரு பாங்கின் நேரம் இன்றும் நினைவூட்டுகின்றது.

மதுரையிலிருந்து சென்ற நான் அங்கே பயணி. ஆகவே தனித்துத் தொழுதால் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்க வேண்டும். இது கஸ்ர் எனப்படும். உள்ளூர் இமாமின் பின் நின்றாலோ நான்கையும் நிறைவு செய்தல் வேண்டும். ஊராருடன் நிற்கும்போது ஊரானாகவே நில் என்னும் இவ்விதி எனக்கு மிகவும் பிடித்தது.

இரவு பெரியத்தா ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொணர்ந்தார். அது அவர் தந்தையின் துணிக் கடைக் கணக்கு, முழுவதும் தமிழ். பெரியத்தா தமிழே பேசுவார். ஆனால் படித்தது மலையாளப் பள்ளியில். பேரப்பிள்ளைகளோ தமிழில் கேட்டால் மலையாளத்தில் விடை சொல்கின்றனர். "எங்க அத்தா கை எழுத்து. என்ன எழுதிருக்காருன்னு படிச்சுச் சொல்லு தம்பி" என்றார். படித்தேன். கடைசிப் பக்கத்தில், கம்பத்து வணிகர் ஒருவருக்கு இருபத்தேழு ரூபாய் தரவேண்டும் என்று இருந்தது. தந்ததாக எங்கும் குறிப்பில்லை.

பெரியத்தா நெடுநேரம் பேசவில்லை. இறந்தவரின் சொத்தைப் பங்கிடுமுன் அவருடைய கடனைத் தீர்க்க வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். சொத்து எப்போதோ பங்காகிவிட்டது. கடன் மட்டும், படிப்பார் இல்லாத எழுத்தில், அலமாரிக்குள் கிடந்தது.

மறுநாள் பொள்ளாச்சி, பழனி, தேனி வழியாகக் கம்பம் சென்று விசாரித்தேன். அக்கடையும் இல்லை, வாரிசுகளைப் பற்றிச் சொல்வாரும் இல்லை. செய்தி கேட்ட பெரியத்தா, அத்தொகையினும் பன்மடங்கு பணத்தை அவ்வணிகர் பெயரால் ஏழைகளுக்கு ஈந்தார். உரியவரைக் காண இயலாதபோது அதுவே வழி.

கம்பத்திலிருந்து குமுளி ஏறிப் பீருமேட்டை அடைந்தேன். பீர் முகமது என்னும் சூஃபி ஞானியின் பெயரால் அமைந்த ஊர் அது. ஞானப்புகழ்ச்சி முதலிய தமிழ் நூல்களை இயற்றிய அவர், இம்மலையில் தவமிருந்தார் என்பர். அவர் அடங்கியிருப்பது தக்கலையில். பீருமேடு, தக்கலை இரண்டும் முன்னர்த் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. 1956 நவம்பர் 1இல் மாநில எல்லைகள் மாறியபோது தக்கலை தமிழகத்தோடு இணைந்தது. தமிழர்கள் கோரிய பீருமேடு, தேவிகுளம் வட்டங்கள் கேரளத்திலேயே நின்றன. 1972இல் அவை இடுக்கி மாவட்டத்தின் பகுதிகளாயின. ஒரு தமிழ் ஞானியின் அடக்கத்தலம் ஒரு மாநிலத்தில், அவர் பெயர் தாங்கிய மேடு மற்றொரு மாநிலத்தில்!

எல்லைக்கோட்டை நொந்து பயனில்லை. கோட்டினும் கொடியது மறதி. அமெரிக்காவின் உள்நாட்டிலும் இத்தகைய கதை உண்டு. வட டக்கோட்டா மாநிலத்து ராஸ் என்னும் சிற்றூரில், சிரியா, லெபனான் பகுதிகளிலிருந்து சென்ற உழவர்கள் 1929இல் ஒரு பள்ளிவாசல் கட்டினர். இளைய தலைமுறை சிதறியது. பள்ளி பாழ்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. 2005இல் அவ்விடத்தில் ஒரு சிறு நினைவுப் பள்ளி எழுந்தது. மாறாக, ஐயோவா மாநிலத்துச் சீடர் ராப்பிட்ஸ் நகரில் 1934இல் கட்டப்பெற்ற பள்ளிவாசல் இன்றும் நிலைத்துள்ளது. எவ்வளவு தொலைவு சென்றனர் என்பதன்று; பின்வந்தோர் எதைக் கைக்கொண்டனர் என்பதே வினா.

நண்பர்களே! எல்லை கடந்த ஊர்களில் உங்களுக்கும் உறவினர் இருக்கலாம். அடுத்த விடுமுறையில் அங்குச் செல்லுங்கள். அலமாரியிலுள்ள பழைய ஏடுகளைக் கேட்டு வாங்கிப் படித்துக் காட்டுங்கள். முடியுமாயின் ஒரு பிள்ளைக்கேனும் அகரம் எழுதப் பழக்குங்கள். நான் புறப்படுமுன் பெரியத்தாவின் பேத்தி தன் பெயரைத் தமிழில் எழுதக் கற்றுக்கொண்டாள். அதை எழுதிய இடம், அந்த நோட்டுப் புத்தகத்தில் கடன் குறிப்பின் கீழே எஞ்சியிருந்த வெற்றிடம்.