நெல்லின் குருத்துப்பூச்சி

மாலையில் விளக்கை ஏற்றியதும் வந்து மோதுகின்றவற்றை எல்லாம் 'விட்டில்' என்று ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். நெல்வயலை அடுத்த வீடுகளில் அவற்றைச் சற்று உற்று நோக்கினால், வைக்கோல் நிறத்தில் சிறியதோர் அந்திப்பூச்சி அகப்படும். அதுவே குருத்துப்பூச்சி.

பெண் பூச்சியை எளிதில் அறியலாம். மஞ்சள் நிற முன்சிறகுகள் ஒவ்வொன்றிலும், பொட்டு இட்டாற்போல் ஒரு கரும்புள்ளி இருக்கும். வயிற்றின் நுனியில் மஞ்சள் மயிர்க்கற்றை உண்டு. ஆணோ உருவில் சிறியது. மங்கிய பழுப்பு நிறம். புள்ளியும் தெளிவாகத் தெரியாது. இரண்டையும் அருகருகே வைத்தால் வெவ்வேறு இனம் என்றே எண்ணத் தோன்றும்.

அறிஞர்களும் இதற்குப் பல பெயர்கள் இட்டுவிட்டனர். 1863-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் வாக்கர் என்ற ஆங்கிலேயர் 'இன்செர்டுலாஸ்' என்று ஒரு பெயரும், 'இரு புள்ளி தாங்கியது' என்று பொருள்படும் 'பைபங்டிஃபெரா' என்று மற்றொரு பெயரும் வழங்கினார். இரண்டும் ஒரே பூச்சி என்பது பின்னரே தெளிவாயிற்று, முதற்பெயரே நிலைத்தது. பேரினப் பெயரும் சும்மா இருக்கவில்லை. பழைய நூல்களில் ஷோனோபியஸ், 1960-இல் டிரைபோரைசா, 1981 முதல் ஸ்கிர்போபேகா! தேர்வுக்குப் படிப்பவர்கள் பாடு திண்டாட்டந்தான்.

குடும்பமும் மாறியது. முன்பு பைராலிடே குடும்பத்தில் இருந்தது, இப்பொழுது கிராம்பிடேயில் வைக்கப்பட்டுள்ளது. இதற்குக் காரணங்களுள் ஒன்று செவி. இப்பூச்சிகளுக்குச் செவி தலையில் இல்லை, வயிற்றின் தொடக்கத்தில் அடிப்புறமாக இருக்கிறது. அச்செவியின் சிற்றறை முன்பக்கம் திறந்திருந்தால் கிராம்பிடே, மூடியிருந்தால் பைராலிடே.

சிறகுள்ள பூச்சி பயிரைத் தின்பதில்லை. தின்பது அதன் புழு. தண்டைத் துளைத்து உள்ளே புகுந்து கொள்வதால் மருந்தும் எளிதில் எட்டாது. இளம்பயிரானால் நடுக்குருத்து காய்ந்துவிடும். இழுத்தால் கையோடு வந்துவிடும். கதிர் விடும் பருவமானால் வெண்கதிர் தோன்றும். மணி பிடித்த கதிர்கள் தலை சாய்ந்திருக்க, இந்தச் சாவிக்கதிர் மட்டும் நிமிர்ந்து நிற்கும். கடன் வாங்கி நட்ட குடும்பத்திற்கு அது எத்தகைய காட்சி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆதலால் முட்டையிலேயே இதைத் தடுப்பது நலம். பெண் பூச்சி இலை நுனிக்கருகில் குவியலாக முட்டையிட்டு, முன் சொன்ன மயிர்களாலேயே அதைப் போர்த்திவிடும். பார்ப்பதற்குப் பழுப்புப் பஞ்சுத் துணுக்குப் போலிருக்கும். நாற்றைப் பிடுங்கி நடுமுன் நுனியைக் கிள்ளிவிட்டால் முட்டைக் குவியல்களும் அதனுடன் போய்விடும். டிரைக்கோகிரம்மா என்னும் மிக நுண்ணிய குளவி, இம்முட்டைகளுக்குள் தன் முட்டையை இட்டு அவற்றை அழிக்கிறது. அதனை வளர்த்து வயலில் விடுகிறார்கள். அறுவடைக்குப் பின் தாளடிகளில் தங்கும் புழுக்களும் கூட்டுப்புழுக்களும், நிலத்தை உடனே உழுதுவிட்டால் மடியும்.