பில்டு பச்சைன்னா போதுமா, தங்கச்சி?

2020 ஆகஸ்ட் 10-ல சென்னை–அந்தமான் கடலடி கேபிளைத் திறந்தாங்க. ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். அதுவரைக்கும் சாட்டிலைட்டை நம்பிக் கிடந்த போர்ட் பிளேர்ல (இப்போ ஸ்ரீ விஜயபுரம்), இன்னைக்கு நீ வீட்டுல இருந்தே சென்னை கம்பெனிக்கு ஜாவா கோடு எழுதுற. சந்தோஷம். ஆனா மேவன் பில்டு பச்சையா வந்ததும் லேப்டாப்பை மூடிடாதே. இன்டகிரேஷன் டெஸ்ட் நிஜமாவே ஓடுச்சா, அது ஃபெயில் ஆனா பில்டு நிக்குமா, ரெண்டையும் பாரு.

1. பேர் முக்கியம். யூனிட் டெஸ்ட்டுக்கு ஷ்யூர்ஃபயர், இன்டகிரேஷனுக்கு ஃபெயில்சேஃப், ரெண்டும் மேவன் பிளகின். முதலாவது, வழக்கமா 'டெஸ்ட்'னு முடியுற கிளாஸைப் பொறுக்கும். அடுத்தது, ஐ, டி-ங்கிற ரெண்டு கேப்பிட்டல் எழுத்துல முடியுறதை. பிளகின் எதிர்பார்க்கிற மாதிரி பேர் இல்லேன்னா ரெண்டுமே கண்டுக்காது, எர்ரரும் வராது. லாக்ல எத்தனை டெஸ்ட் ஓடுச்சுங்கிற எண்ணிக்கையைப் பார்த்துடு.

2. ரெண்டு கோலையும் போடு. பாம் ஃபைல்ல ஃபெயில்சேஃபுக்கு 'இன்டகிரேஷன்-டெஸ்ட்', 'வெரிஃபை' ரெண்டும் வேணும். முதல் கோல் டெஸ்ட்டை ஓட்டி ரிசல்ட்டை எழுதி மட்டும் வைக்கும். நடுவுல சர்வர், டேட்டாபேஸை நிறுத்துற கட்டம். அதுக்கப்புறம்தான் வெரிஃபை ரிசல்ட்டைப் படிச்சு பில்டை ஃபெயில் பண்ணும். அதனால கமாண்ட் எப்பவும் 'எம்விஎன் வெரிஃபை'. 'எம்விஎன் இன்டகிரேஷன்-டெஸ்ட்'னு அடிச்சா சர்வர் அணையாம போர்ட்டைப் பிடிச்சுட்டு நிக்கும். டெஸ்ட் ஃபெயிலானாலும் பில்டு பச்சைதான்.

3. 8080-ஐக் கட்டிப்போடாதே. ஒரே மெஷின்ல ரெண்டு பில்டு ஓடினா மோதிக்கும். காலியா இருக்கிற போர்ட்டை ஸ்பிரிங் பூட்டே எடுத்துக்கட்டும்.

4. அசல் டேட்டாபேஸையே வை. புரொடக்‌ஷன்ல போஸ்ட்கிரெஸ்னா டெஸ்ட்லயும் அதுதான், டெஸ்ட்கன்டெய்னர்ஸ் பார்த்துக்கும். இமேஜுக்கு வெர்ஷன் நம்பர் கொடு, 'லேட்டஸ்ட்' வேண்டாம். நெட் நல்லா இருக்கும்போதே இறக்கி வை.

5. நெட் போற நாளுக்குத் தயாரா இரு. மேவனோட 'கோ-ஆஃப்லைன்' போட்டா எல்லாம் வந்துடும்னு நம்பாதே. ஷ்யூர்ஃபயரும் ஃபெயில்சேஃபும் ஜேயூனிட்டுக்கான ஜாரை ஓடும்போதுதான் தேடும். நெட் இருக்கும்போது ஒருதடவை முழு வெரிஃபை ஓட்டிடு; அப்புறம் ஆஃப்லைன் மோடுல ஓடும்.

6. தேதியில ஏமாறாதே. சிஐ சர்வர் பெரும்பாலும் யூடிசி நேரத்துல இருக்கும். கோடைக்காலத்துல நம்ம தீவுல விடியற 5 மணி, அங்க முந்தின நாள் ராத்திரி 11.30. ஸ்வராஜ் தீவு (பழைய ஹேவ்லாக்) கப்பலுக்கு 'இன்னைக்கு' டிக்கெட் போடுற டெஸ்ட், பகல்ல பாஸ் ஆகும், விடியக்காலையில ஃபெயில் ஆகும். டைம்சோனைக் கோடுலயே சொல்லு. டெஸ்ட்டுக்கு நிலையான கிளாக் கொடு.

7. ஸ்கிப் பண்ணணும்னா. 'ஸ்கிப்ஐடிஸ்' இன்டகிரேஷனை மட்டும் விடும். 'ஸ்கிப்டெஸ்ட்ஸ்' எல்லாத்தையுமே விட்டுடும். உன் லேப்டாப்போட நிறுத்திக்கோ, சிஐ கான்ஃபிக்ல எழுதிடாதே.

எல்லாம் போட்டு முடிச்சதும் ஒரு இன்டகிரேஷன் டெஸ்ட்டை வேணும்னே உடைச்சு, தனி பிராஞ்ச்ல புஷ் பண்ணு. பில்டு சிவப்பானா செட்டப் சரி. அப்பவும் பச்சையா இருந்தா, முதல் ரெண்டு டிப்ஸையும் பாம் ஃபைலோட வச்சு ஒவ்வொரு வரியா ஒத்துப் பாரு.