டர்போ எஞ்சினும் ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமுடையது. சித்தூர் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் 300 மீட்டருக்குச் சற்று மிகுதியான உயரத்திலும், திருப்பதி நகரம் ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், இச்சாலையில் வரும் வண்டிக்கு மொத்தத்தில் இறக்கமே மிகுதி. ஆனால் திருப்பதியை அடைந்த பின்னர் நிலைமை மாறுகிறது. மலையடிவாரமாகிய அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் சாலை 20 கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில் ஏறத்தாழ 700 மீட்டர் உயருகிறது. இங்கு முதலாவது மலைச்சாலை 1944ஆம் ஆண்டிலும், இரண்டாவது சாலை 1974ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. ஏறும் வண்டிகள் பிந்தியதிலும், இறங்கும் வண்டிகள் முந்தியதிலும் செல்கின்றன.

சமவெளியில் எவ்விதக் குறையுமின்றி ஓடிவந்த பெட்ரோல் கார் ஒன்று, ஆட்களையும் சுமைகளையும் ஏற்றிக்கொண்டு இம்மலையில் ஏறும்போது, வளைவைக் கடந்து ஆக்ஸிலேட்டரை அழுத்தியவுடன் குலுங்கி இழுக்க மறுப்பதுண்டு. இதனையே மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்பர். பின்னால் பஸ்களும் ஜீப்புகளும் நெருங்கி வரும் மலைவளைவில் இஃது அற்பக் குறையன்று. பெட்ரோலில் கலப்படம் என்று சிலரும், டர்போ கெட்டுவிட்டது என்று சிலரும் கருதிப் பணத்தைச் செலவிடுகின்றனர். குறையோ பல சமயங்களில் ஸ்பார்க் பிளக்கின் முனைகளுக்கிடையே, தலைமயிரின் பருமனுக்கு இரண்டு மூன்று மடங்கேயான ஒரு மிகுதியில் இருக்கக்கூடும்.

பெட்ரோல் எஞ்சினில் டர்போசார்ஜர் பொருத்தும் வழக்கம் நம் நாட்டில் அண்மையிலேதான் பரவியது. 2017இல் வந்த டாட்டா நெக்ஸான், 2019இல் வந்த ஹுண்டாய் வென்யூ, 2023இல் வந்த மாருதி ஃபிராங்ஸ் ஆகியவற்றின் டர்போ வகைகளை எடுத்துக்காட்டாகக் கூறலாம். வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டில் உள்ள மற்றொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்வது இதனால்தான்.

இனி, பிளக்கின் நிலையைக் கவனிப்போம். காற்று மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டும்போதுதான் காற்று முறிந்து பொறி பாய்கிறது. இவ்வெல்லை இடைவெளியை மட்டும் பொறுத்ததன்று. இடைவெளியையும் வாயுவின் அடர்த்தியையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது என்பதை 1889இல் ஜெர்மானிய அறிஞர் ஃபிரீட்ரிக் பாஷென் நிறுவினார். ஆகவே வாயு நெருக்கமாக அமுங்கியிருக்கும் இடத்தில், குறுகிய இடைவெளியும் அகன்ற இடைவெளியைப் போன்றே தடை செய்யும்.

இதனைச் சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். பொறி பாயும் தருணத்தில், உள்ளிழுக்கப்பட்ட காற்று ஏறத்தாழ ஆறரை மடங்கு அடர்த்தியாகியுள்ளது என்று கொள்வோம். டர்போ இல்லாத எஞ்சினில், 1 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஏறத்தாழ 21 கிலோவோல்ட் வேண்டும். டர்போ அக்காற்றை முன்னரே 1.6 மடங்கு அடர்த்தியாக்கி அனுப்பினால், அதே 1 மில்லிமீட்டருக்கு 31 கிலோவோல்ட் தேவைப்படும். இடைவெளியை 0.7 மில்லிமீட்டராகக் குறைத்தாலோ, தேவை ஏறத்தாழ 23 கிலோவோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. முனைகளின் வடிவமும் சூடும் இத்தொகைகளைச் சற்று மாற்றும். ஆயினும் அவற்றின் ஒப்புமை மாறாது. டர்போ எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 0.7, 0.8 மில்லிமீட்டர் என்று இடைவெளி குறிக்கப்படுவதன் காரணம் இதுவே.

அந்த 0.7 மில்லிமீட்டர் நிலைத்திருப்பதில்லை. ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து அணுவளவு உலோகத்தைத் தின்றுவிடுகிறது. நாளடைவில் இடைவெளி 0.9 ஆகும்போது, மேற்கூறிய கணக்கின்படி தேவை 28 கிலோவோல்ட்டைத் தாண்டுகிறது. நெடுஞ்சாலையில் மிதமான வேகத்தில் செல்லும்போது டர்போவின் அமுக்கம் குறைவு. ஆகவே குறை வெளிப்படாது. ஏற்றத்தில் முழுச் சுமையோடு இழுக்கும்போதுதான் காயிலின் வலிமை போதாமற்போகிறது. பொறிக்குப் பாதை கிடைக்காத மின்சாரம், பிளக்கின் பீங்கான் மீதோ காயிலின் ரப்பர் உறையைத் துளைத்தோ கசிய முற்படும். காயில் எரிந்ததென்று புதியது வாங்கிப் பொருத்திவிட்டு, தேய்ந்த பிளக்கை அப்படியே விட்டால், புதிய காயிலும் அதே கதியை அடையும். அன்றியும், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் சென்று, அங்குள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதனை உருக்கிவிடக்கூடும். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரியுமாயின், பெரும்பாலான கார்களில் அது இவ்வபாயத்தையே அறிவிக்கிறது. அந்நிலையில் மலையேற்றத்தைத் தொடர்தல் தகாது.

உயரம் ஏற ஏறக் காற்று மெலிவதால் பொறி பாய்வது எளிதாகவேண்டுமே என்ற வினா மாணவர்களிடம் எழக்கூடும். வினா நியாயமானதே. சித்தூர்–திருப்பதிச் சாலையிலுள்ள காதங்கியில், தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் ராடாராலும் பலூன்களாலும் மேல்வளியை ஆராய்ந்து வருகிறது. காற்றழுத்தம் உயரத்தோடு குறையும் முறை நன்கு தெரிந்த ஒன்று. அதன்படி திருமலையில் அழுத்தம் திருப்பதியைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவாக இருக்கும். பழைய அம்பாஸடர் காரில் இக்குறைவு அப்படியே எஞ்சினுக்குள்ளும் சென்றது. வண்டியின் வலிமை குறைந்தது, பிளக்கின் சுமையும் குறைந்தது. டர்போ எஞ்சினிலோ, கணிப்பொறி உள்ளே செல்லும் காற்றின் அழுத்தத்தை அளந்து, குறைந்ததை ஈடுசெய்யும்படி டர்போவை மேலும் வேகமாகச் சுழலச் செய்கிறது. வண்டி வலிமை இழப்பதில்லை. ஆனால் பிளக்குக்கு மலையுச்சியிலும் ஓய்வில்லை.

அங்ஙனமாயின் இடைவெளியை மேலும் மேலும் குறைத்துவிடலாமே எனின், அதுவும் பிழை. இடைவெளி மிகக் குறுகினால் தோன்றும் தீக்கரு சிறியதாயிருக்கும்; இருபுறமுமுள்ள உலோகம் அதன் வெப்பத்தை உறிஞ்சி அணைத்துவிடும். வண்டி நிற்கும்போது எஞ்சின் சீராக ஓடாமல் நடுங்குவது இதன் அறிகுறி. ஆகவே வண்டியின் கையேட்டில் குறித்த அளவே அளவு.

முற்காலத்து மெக்கானிக்குகள் ஹாக்ஸா பிளேடின் முதுகைச் செருகியே இடைவெளி பார்த்தனர். அதன் பருமன் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர், அம்பாஸடருக்குரிய அளவும் ஏறக்குறைய அதுவே ஆதலால், அம்முறை அக்காலத்திற்குப் பொருத்தமாகவே இருந்தது எனலாம். இன்றைய இரிடியம் பிளக்கின் நடுமுனை அரை மில்லிமீட்டர் குறுக்களவே உடையது. கடினமானது, ஆயினும் நொறுங்கக்கூடியது. அதன்மேல் பிளேடையோ நாணய வடிவக் கேஜையோ திணித்தால் முனை உடையும். கம்பிக் கேஜே ஏற்றது. கம்பி மெல்ல உரசிச் செல்லவேண்டும். அடுத்த பெரிய கம்பி நுழையலாகாது. திருத்தவேண்டின் வெளி முனையை மட்டும் வளைக்கவேண்டும். நடுமுனையை நெம்புகோலுக்குத் தாங்கலாகக் கொள்வது கூடவே கூடாது. 0.2 மில்லிமீட்டருக்கு மேல் மாற்றவேண்டிய பிளக், அவ்வெஞ்சினுக்கு உரியதன்று என்று ஒதுக்கிவிடலாம். கீழே விழுந்த பிளக்கின் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாமாதலால், அதனைப் பயன்படுத்தாமையே நன்று.

மலையிலிருந்து வந்த உடனே பிளக்கைக் கழற்றலாகாது. அலுமினியத் தலை சூடாயிருக்கையில் மரைகள் பிய்ந்து வரும். ஆறிய பின்னர், குழியிலுள்ள தூசியை ஊதிவிட்டுக் கழற்றுக. மீண்டும் பூட்டும்போது முதலில் கையாலேயே திருகவேண்டும். கையால் செல்லாத பிளக் மரை மாறியிருக்கிறது என்பது பொருள். டார்க் ரெஞ்சு இருப்பின் 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன்-மீட்டரும், 12 மில்லிமீட்டர் பிளக்குக்கு 15 முதல் 20 வரையும் பொதுவான அளவுகள்.

பாஷெனின் விதியை வகுப்பறையில் காட்ட எஞ்சின் தேவையில்லை. அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரின் பொறி உறுப்பும், 20 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் சிரிஞ்சும், இரு குண்டூசிகளும் போதும். சிரிஞ்சின் இருபக்கத்திலும் எதிரெதிராக ஊசிகளைச் செருகி, துளைகளைப் பசையால் நன்கு அடைக்கவேண்டும். இருட்டறையில் லைட்டரை அழுத்தி, பொறி மட்டுமட்டாகப் பாயும் அளவுக்கு முனைகளின் இடைவெளியைச் சரிசெய்க. 3 மில்லிமீட்டர் அளவில் தொடங்கலாம். பின்னர் சிரிஞ்சின் வாயை மூடி, உள்ளிருக்கும் காற்று பாதியாகும்வரை தண்டை அமுக்கிப் பிடித்து மீண்டும் லைட்டரை அழுத்தினால் பொறி தோன்றாது. தண்டை விட்டவுடன் மறுபடியும் தோன்றும். சிரிஞ்சுக்குள்ளோ அருகிலோ பெட்ரோல், ஸ்பிரிட் முதலிய ஆவிகள் இருத்தலாகாது. பொறி ஊசிகளுக்கு வெளியே சுற்றிப் பாயுமானால், பசை ஈரமாயிருக்கிறது என்று அறிந்து, நன்கு உலர்ந்த பின் செய்து பார்க்கவேண்டும்.