பழைய லாண்ட் றோவரின் பிறேக் மிதி: குறையைக் கண்டறிவது எப்படி?

பருத்தித்துறையிலிருந்து வல்லிபுரம், மணற்காடு பக்கம் போகும் மணல் ஒழுங்கைகளில் சாதாரண வான் புதைந்துவிடும். நான்கு சில்லும் இழுக்கும் பழைய லாண்ட் றோவர் அங்கே இன்னும் கைகொடுக்கிறது. இடம்பெயர்ந்து வந்து பிறர் காணியில் தோட்டம் செய்யும் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து அப்படி ஒன்றை வாங்கினோம். வெங்காயம், பசளை, விறகு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான்.

அதன் பிறேக் முதல் மிதியில் பிடிக்காது. இரண்டாம் மிதியில் பிடிக்கும். "இரண்டு தரம் மிதிச்சால் சரி" என்று ஓட்டுபவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தோம். ஒருநாள் விடியற்காலை நெல்லியடிச் சந்தைக்குப் போகும்போது மாடொன்று குறுக்கே வந்தது. இரண்டாம் மிதிக்கு நேரம் இருக்கவில்லை. வேலியில் மோதி நின்றோம். மூடைகளுக்கு மேல் இருந்த பையனின் கை முறிந்தது. பின்னர் பார்த்தபோது, அந்த வாகனத்துக்கு வேண்டியிருந்தது அரை நாள் வேலை மட்டுமே. அந்த வேலையை நீங்கள் முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இப்பாடம்.

பிறேக் வேலை செய்யும் விதம்

மிதியை அழுத்தும்போது மாஸ்ரர் சிலிண்டரில் உள்ள பிறேக் ஒயில் குழாய்கள் வழியாகத் தள்ளப்படுகிறது. அந்த அழுத்தம் ஒவ்வொரு சில்லிலும் உள்ள சிறிய சிலிண்டருக்குப் போய், பிறேக் சூக்களை விரித்து டிறம்மில் உரசச் செய்கிறது. ஒயில் அமுங்காது, காற்று அமுங்கும். நீர் இறைக்கும் இயந்திரத்தின் உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுந்தால் தண்ணீர் ஏறாதல்லவா? பிறேக் குழாயில் காற்றுப் புகுந்தாலும் உங்கள் காலின் பலம் வீணாகிறது.

1958 முதல் 1985 வரை வெளிவந்த இரண்டாம், மூன்றாம் வரிசை லாண்ட் றோவர்களில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு சில்லுக்கும் ஒரே குழாய்த் தொடர்தான். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சில்லின் பிறேக்கும் போய்விடும். இதை மறவாதீர்கள்.

மிதியைக் கேளுங்கள்

வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுத்து, இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்.

1. முதல் மிதி ஆழப் போகிறது. விரைவாக மீண்டும் மிதித்தால் மேலே வந்து இறுகுகிறது: சூக்கள் தேய்ந்து, டிறம்முக்கும் சூவுக்கும் இடைவெளி கூடிவிட்டது. எமது வாகனத்தின் குறை இதுவே.

2. பலமுறை மிதித்தாலும் பஞ்சை மிதிப்பதுபோல் மெத்தென்று இருக்கிறது: குழாயில் காற்று உண்டு. அல்லது பழைய றப்பர் குழாய் அழுத்தத்தில் வீங்குகிறது.

3. ஒரே பலத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க, மிதி மெல்ல மெல்ல இறங்குகிறது: ஒயில் எங்கோ தப்புகிறது. கிண்ணத்தில் ஒயில் குறைந்தால் வெளியே ஒழுகுகிறது; சில்லுகளின் உட்புறம், குழாய் மூட்டுகள், மிதிக்கு மேலே மாஸ்ரர் சிலிண்டர் ஆகியவற்றைப் பாருங்கள். குறையாவிட்டால் மாஸ்ரர் சிலிண்டரின் உள் றப்பர் பழுது.

4. மிதி கல்லுப்போல் இறுக்கம். வாகனமோ நிற்பதில்லை: லைனிங்கில் ஒயிலோ கிறீசோ பட்டிருக்கலாம். சில்லுச் சிலிண்டர் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். சேர்வோ பூட்டிய வாகனமானால், இயந்திரம் நின்றிருக்கும்போது ஐந்தாறு தரம் மிதித்து, மிதியை அழுத்தியபடியே இயக்குங்கள். மிதி சற்று இறங்கவேண்டும். இறங்காவிட்டால் சேர்வோ வேலை செய்யவில்லை.

5. பிறேக் பிடிக்க வாகனம் ஒரு பக்கம் இழுக்கிறது: பெரும்பாலும் மற்றப் பக்கத்துச் சில்லில்தான் குறை. இடப்பக்கம் இழுத்தால் முதலில் வலது முன்சில்லைப் பாருங்கள்.

6. காலை எடுத்த பின்னும் பிறேக் விடுவதில்லை. சில்லு சுடுகிறது: மிதித் தண்டில் சிறிதளவு தளர்வு இல்லாதிருக்கலாம். றப்பர் ஊதி ஒயில் திரும்பும் துவாரத்தை அடைத்திருக்கலாம்.

முதலாம், இரண்டாம் குறைகளைப் பிரித்தறிய எளிய வழி ஒன்றுண்டு. சில்லின் உட்புறத் தட்டில் உள்ள சரிசெய்யும் ஆணிகளை, சூக்கள் டிறம்மை இறுகப் பிடிக்கும்வரை எல்லாச் சில்லிலும் திருகுங்கள். இப்போது மிதி உயரத்திலேயே இறுக்கமாக நின்றால் ஒயில் தொகுதி நல்லது. சூக்களைச் சரிசெய்வதே வேலை. அப்போதும் மெத்தென்றிருந்தால் காற்றை எடுக்கவேண்டும். சோதனை முடிந்ததும், சில்லு தடையின்றிச் சுழலும்வரை ஆணிகளைத் தளர்த்த மறவாதீர்கள். லைனிங் தேய்ந்து ஆணித்தலை தெரியுமளவுக்கு வந்திருந்தால், சரிசெய்வது போதாது, புதிது போடவேண்டும்.

காற்றை எடுத்தல்

இதற்கு இருவர் தேவை. மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள பின் இடது சில்லில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது என்று செல்லுங்கள். நிப்பிளில் ஒரு குழாயை மாட்டி, அதன் மறு நுனியைச் சிறிது பிறேக் ஒயிலுள்ள போத்தலில் அமிழ்த்துங்கள். ஒருவர் மிதியை அழுத்த, மற்றவர் நிப்பிளைத் திறக்கவேண்டும். மிதி கீழே போனதும், கால் எடுக்கும் முன் நிப்பிளை மூடவேண்டும். குமிழி வராத வரைக்கும் இதைச் செய்யுங்கள். இடையிடையே கிண்ணத்தை நிரப்புங்கள். வெளியே வந்த ஒயிலை மீண்டும் ஊற்றாதீர்கள்.

எந்த ஒயில்?

1990ஆம் ஆண்டு தொடங்கிய தடைக்காலத்தில் குடாநாட்டில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். கிடைத்ததை ஊற்றி ஓட்டும் பழக்கம் அப்போது வந்தது. இயந்திரம் அதைப் பொறுத்துக்கொண்டது, பிறேக் பொறுக்காது. இயந்திர ஒயிலோ மண்ணெண்ணெயோ சிறிது கலந்தாலும் றப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும். அப்படிக் கலந்திருந்தால் தொகுதியைக் கழுவி, எல்லா றப்பர்களையும் மாற்றுவதே வழி.

டொட் 3 அல்லது டொட் 4 என்று குறித்த, முத்திரை உடைக்காத ஒயிலை வாங்குங்கள். இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது; ஈரம் ஏறியபின் 140 பாகையிலேயே கொதிக்கலாம். மேடு பள்ளமற்ற எமது குடாநாட்டில் கொதிப்பைவிடத் துருவே பெரிய எதிரி. உள்ளே ஈரம், வெளியே உப்புக் காற்று. ஆகவே இரண்டு ஆண்டுக்கொருமுறை ஒயிலை மாற்றுங்கள். இரும்புக் குழாய்களைத் துடைத்துப் பாருங்கள். துரு அரித்த குழாயை உடனே மாற்றுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள்

லாண்ட் றோவரின் கைப்பிறேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. பின்னால் போகும் சுழல்தண்டையே பிடிக்கிறது. ஒரு பின்சில்லை உயர்த்தினால் வாகனம் உருளக்கூடும். கல் அண்டை இல்லாமல் கீழே புகாதீர்கள்.

டிறம்முக்குள் இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடையுங்கள்.

மாஸ்ரர் சிலிண்டரைக் கழற்றிப் பூட்டுவது பழக்கமில்லையென்றால் தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். குறை எதுவென்று நீங்களே சொல்லக்கூடியதாயிருந்தால் வீண்செலவும் குறையும்.

அந்தப் பையனின் கை இப்போது சுகமாகிவிட்டது. நாங்கள் ஒவ்வொரு நாளும் வண்டியை எடுக்குமுன் ஒருமுறை மிதித்துப் பார்க்கிறோம். ஒரே மிதியில் பிடிக்காவிட்டால் அன்று சந்தைக்குப் போவதில்லை. ஒருநாள் வெங்காயம் கிடந்தால் நட்டம் சிறிதே.

குழுவாகப் பேசுவதற்கு

1. உங்கள் வாகனத்தில் "பழகிவிட்டது" என்று விட்டிருக்கும் குறைகள் எவை?

2. பலர் ஓட்டும் கூட்டு வாகனத்தில் பிறேக்கைப் பார்ப்பது யார் பொறுப்பு? அதை எந்த நாளில் செய்வீர்கள்?

3. பழுது பார்க்கும் செலவுக்கு ஒவ்வொரு பயணத்திலும் எவ்வளவு ஒதுக்கலாம்?