வஸ்வாஸும் வைத்தியமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கிழக்கிலங்கையில் சம்மாந்துறை, சாய்ந்தமருது, கல்முனை முதலிய, முஸ்லிம்கள் வாழும் ஊர்களில், வுழூச் செய்கையில் கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவுபவரையும், தக்பீர் கட்டிய பின் நிய்யத்தில் ஐயுற்றுத் தொழுகையை முறித்து மறுபடி தொடங்குபவரையும் வஸ்வாஸ் பிடித்தவர் என்பர். இது ஷைத்தானின் ஊசலாட்டம் மட்டுமே, ஈமான் உறுதிப்பட்டால் தானே நீங்கும் என்பது பரவலான நம்பிக்கை. ஐயம் எவருக்கும் வந்து போவதே. ஆனால் அது நாள்தோறும் மணிக்கணக்கில் நீடித்து வாழ்வை முடக்குமாயின், அதனை உளமருத்துவம் எண்ணச் சுழற்சி நோய் என்கிறது. வேண்டாத எண்ணம் ஓயாது எழ, அதன் பதற்றத்தைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பச் செய்யத் தூண்டும் நோய் இது. வணக்கத்தில் மிகுந்த கவனமுடையோரையே பெரும்பாலும் இது இவ்வடிவில் பற்றுவதால், அவர்களை ஈமான் குறைந்தவர்கள் என்பது பெரும் அநீதி.

உள்ளத்துக்கு மருத்துவம் தேடுவது மேற்கத்திய வழக்கம் என்பதும் தவறு. கி.பி. 934இல் மறைந்த முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலத்துக்கு ஒரு பகுதியும் உளநலத்துக்கு ஒரு பகுதியுமாக எழுதிய ஒரே நூலில், கோபம், அச்சம், துயரம் ஆகியவற்றுடன் வஸ்வாஸையும் சிகிச்சைக்குரியதாக ஆராய்ந்தார். இலங்கையின் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் ஏற்கும் யூனானி மருத்துவமும், காற்று, உணவு, உறக்கம் போன்ற ஆறு இன்றியமையாதவற்றுள் உள்ளத்தின் இயக்கத்தையும் ஓய்வையும் ஒன்றாக எண்ணுகிறது.

ஓதிப் பார்த்தாலே போதும் என்போரும், மாத்திரை தொடங்கிய பின் மார்க்கத்துக்கு இதில் வேலையில்லை என்போரும் ஒரே மனிதரைக் கூறு போடுகின்றனர். ஐயம் எழுந்தாலும் மறுபடி கழுவாமல் பொறுத்திருந்தால் பதற்றம் தானே தணியும் என்பதை நோயாளர் படிப்படியாகப் பழகுவதே இந்நோய்க்கான உளவியல் சிகிச்சை; உறுதியானது ஐயத்தால் நீங்காது என்னும் ஃபிக்ஹு விதியும் அதே திசையையே காட்டுகிறது. வுழூச் செய்தது உறுதி, முறிந்ததா என்பதே ஐயம், ஆகவே வுழூ நிலைத்திருக்கிறது என ஒரு மௌலவி கூறும்போது, வைத்தியரால் தர இயலாத மன ஆறுதலை அவர் தருகிறார். எனினும், கேட்கும் போதெல்லாம் அவ்வாறுதலை வழங்குவது நோய்க்கே தீனியாகும் என்பதால், தீர்ப்பை ஒருமுறை தெளிவாகச் சொல்லி, பின்னர் மீண்டும் கேட்டால் கனிவோடு மறுப்பது நன்று. இதற்கு மௌலவியும் வைத்தியரும் கலந்து பேசியிருத்தல் வேண்டும். ஓயாத கழுவலால் வெடித்த தோலுக்குக் களிம்பு தேடி வருபவரிடம் காரணத்தை விசாரிக்காத சிகிச்சையும் அரைகுறையானதே.

மனநோய்க்கு அங்கொடை மனநல வைத்தியசாலைக்கே போக வேண்டும் என்ற அச்சமும் இனித் தேவையற்றது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வந்த 2005ஆம் ஆண்டுத் தேசிய மனநலக் கொள்கை, சேவையை மாவட்டங்களுக்குப் பரவலாக்க வழிவகுத்தது. இந்நோய்க்கு முதலில் தரப்படும் மருந்துகள், பலர் எண்ணுவதுபோல், அடிமையாக்கும் தூக்க மாத்திரைகள் அல்ல. அவற்றின் முழுப் பயன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் வரை ஆகலாம். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் பதற்றமும் நேரலாம். நாளுக்கு ஒருமுறை உட்கொள்ளும் மாத்திரையை, வைத்தியரிடம் கேட்டு, நோன்பு திறந்த பின்னரோ ஸஹரிலோ பெரும்பாலும் எடுத்துக்கொள்ள இயலும் என்பதால், ரமழானுக்காக அதனைக் கைவிட வேண்டியதில்லை.