லட்டு நிரபராதி

தீபாவளி நெருங்கிவிட்டால் கைக்குழந்தையோ வாண்டோ இருக்கும் வீட்டில் புத்திமதிக்குப் பஞ்சமே இருக்காது. லட்டைக் கண்ணில் காட்டாதே, ராத்திரி தூங்காது. அணுகுண்டுப் பக்கம் விடாதே. ஈரத்தலையோடு வாசலுக்கு அனுப்பாதே, சளி பிடிக்கும். இதையெல்லாம் சொன்ன அதே பெரியவர்தான் சாயங்காலம், "கம்பி மத்தாப்புதானே, பிள்ளை கையில கொடு, போட்டோ எடுப்போம்" என்கிறார். பயம் ஒரு பக்கம் நிற்கிறது, ஆபத்து இன்னொரு பக்கம் நிற்கிறது.

"இனிப்பு தின்னா பிள்ளை ஆட்டம் போடும்"

இதை நம்பாத வீட்டை நான் பார்த்ததில்லை. உணவில் சேர்க்கும் செயற்கை நிறங்களுக்கும் குழந்தைகளின் துறுதுறுப்புக்கும் 1970-களில் முடிச்சுப் போட்டவர் பென் ஃபைன்கோல்டு என்ற அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர். அந்த வரிசையில் சர்க்கரையும் போய் உட்கார்ந்துகொண்டது. அப்புறம்தான் ஆய்வாளர்கள் சரியாகச் சோதிக்கத் தொடங்கினார்கள். குழந்தைகளுக்கு ஒரு முறை சர்க்கரை, இன்னொரு முறை சர்க்கரை போலவே இனிக்கும் வேறு பொருள். எந்த முறை எது என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, குறிப்பெடுப்பவருக்கும் தெரியாது. இப்படி நடந்த 23 சோதனைகளை மார்க் வோல்ரைச் குழுவினர் ஒன்றுசேர்த்துப் பார்த்து, 1995-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை குழந்தைகளின் நடத்தையையும் மாற்றவில்லை, சிந்திக்கும் திறனையும் மாற்றவில்லை. ஏதோ ஒரு சில பிள்ளைகளிடம் சின்ன விளைவு இருக்கக்கூடும் என்பதை மட்டும் அவர்கள் அடியோடு மறுக்கவில்லை.

அதைவிடச் சுவையானது அதற்கு முந்தைய வருடம் வந்த ஓர் ஆய்வு. "என் பையனுக்குச் சர்க்கரை ஆகாது" என்று சொன்ன அம்மாக்களையும், ஐந்திலிருந்து ஏழு வயதுக்குட்பட்ட அவர்களுடைய பையன்களையும் ஹூவர், மிலிச் என்ற இரு ஆய்வாளர்கள் அழைத்தார்கள். பையன்கள் எல்லோருக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத பானம். ஆனால் பாதி அம்மாக்களிடம், "நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்று சொல்லிவைத்தார்கள். அந்தப் பாதிப்பேர்தான் "பையன் இன்றைக்கு ரொம்ப ஆடுகிறான்" என்று மதிப்பெண் போட்டார்கள். அவர்கள் பையனை ஒட்டியே உட்கார்ந்ததும், அடிக்கடி குறை சொன்னதும் வீடியோவில் பதிவாகியிருந்தது. ஆட்டம் அம்மாவின் கண்ணில் இருந்தது.

சரி, தீபாவளி அன்று பிள்ளை நிஜமாகவே தலைகால் தெரியாமல் குதிக்கிறதே, அது எதனால்? அதன் நாளைக் கொஞ்சம் பாருங்கள். இருட்டு விலகுமுன் எழுப்பி, கண்ணைக் கசக்கக் கசக்க மணையில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்தாயிற்று. புதுச்சட்டையின் காலர் கழுத்தை அறுக்கிறது. இட்லி வைத்த தட்டு அப்படியே இருக்க, வாயில் முறுக்கு. பதினோரு மணிக்குச் சித்தப்பா குடும்பம், பன்னிரண்டரைக்கு அத்தை குடும்பம். மதியத் தூக்கம் போச்சு. டிவி ஒரு பக்கம் அலறுகிறது, தெருவில் சரவெடி. ஆறு மணிக்கு அந்தக் குழந்தை களைப்பின் உச்சியில் இருக்கிறது. பெரியவர்கள் களைத்தால் சோர்ந்து சாய்வார்கள், சின்னப் பிள்ளைகள் களைத்தால் ஓடுவார்கள், கத்துவார்கள், ஒன்றுமில்லாததற்கு அழுவார்கள். கையில் அப்போது லட்டு இருந்த ஒரே குற்றத்துக்காகப் பழி லட்டின் மேல் விழுகிறது.

ஒன்று முதல் இரண்டு வயதுள்ள குழந்தை பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வகுத்தது. "ராத்திரி லேட்டாப் படுத்தா காலையில லேட்டா எழுந்துக்கும்" என்பது பெரியவர்களின் கணக்கு. பெரும்பாலான வாண்டுகள் வழக்கமான நேரத்துக்கே எழுந்து உட்கார்ந்துகொள்ளும், சிணுங்கலோடு. விருந்தாளி யார் வந்தாலும் மதியம் ஓர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையைப் படுக்க வையுங்கள். சாயங்காலம் வித்தியாசம் தெரியும்.

இதற்காக இனிப்பை அள்ளிக் கொடுக்கச் சொல்லவில்லை. சொத்தைப் பல் நிஜம், சாப்பாட்டு நேரத்துப் பசி செத்துப்போவதும் நிஜம். இரண்டு வயதுக்குள் சர்க்கரை சேர்த்த பண்டமே வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

"கம்பி மத்தாப்பு குழந்தைங்க வெடி"

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. எரிகிற கம்பி மத்தாப்பின் நுனி சுமார் ஆயிரம் டிகிரி. கொதிக்கும் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் பிள்ளையை விடாத நாம், அதைப் போலப் பத்து மடங்கு சுடும் கம்பியை அதன் கையிலேயே கொடுக்கிறோம். இரண்டு வயதுக் குழந்தையின் கையை நீட்டிப் பாருங்கள். சின்னக் கை, சின்னக் கம்பி. பொறி கொட்டும் இடத்துக்கும் முகத்துக்கும் எவ்வளவு தூரம் இருந்துவிடும்? பொறி ஒன்று மணிக்கட்டில் விழுந்தால் பெரியவர் கம்பியை எறிவார். குழந்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், அல்லது தன் மேலேயே இழுத்துக்கொள்ளும்.

எரியும்போதாவது எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அணைந்த பிறகுதான் அலட்சியம். வெளிச்சம் போனதும் சூடும் போய்விட்டதாக நினைத்துக் கம்பியைத் தரையில் போடுகிறோம். கறுத்துக் கிடக்கும் அந்தக் கம்பி வெகுநேரம் சுடும். செருப்பில்லாமல் ஓடிவரும் பிள்ளையின் உள்ளங்கால் நேராக அதன் மேல்தான் படும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், எரிந்து முடிந்த கம்பி ஒவ்வொன்றும் அதற்குள், எல்லோர் காலிலும் மூடிய செருப்பு அல்லது ஷூ. ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தை வேடிக்கை பார்த்தால் போதும்.

புஸ்வாணமும் வெடிக்காது என்ற பெயரில்தான் உள்ளே நுழைகிறது. அது முகத்தைக் காயப்படுத்துவது பெரும்பாலும் ஒரே விதத்தில்: திரி நமுத்துப்போய்விட்டதா என்று குனிந்து பார்க்கும்போது. எரியாததை அப்படியே விட்டு, தள்ளி நின்று தண்ணீர் ஊற்றுவதுதான் வழி. பொறி கண்ணில் பட்டுவிட்டால் கசக்கக் கூடாது, அழுத்தக் கூடாது, வீட்டிலிருக்கும் எந்தச் சொட்டு மருந்தும் விடக் கூடாது. நேரே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உடைக்கும் ஒரு வார்த்தை. "காட்டன் போட்டா பயமில்லை" என்பது பாதி சரி. நைலானும் பாலியஸ்டரும் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பருத்தி ஒட்டாது. ஆனால் பருத்தியும் சுலபமாகத் தீப்பிடித்து வேகமாக எரியும். தரை பெருக்கும் பாவாடையும் தோளில் தொங்கும் துப்பட்டாவும் பருத்தியில் தைத்தாலும் ஆபத்துதான். பட்டாசு நேரத்துக்கு உடம்பைப் பிடித்த பழைய சட்டை, டிரவுசர் போதும். புதுத்துணியைப் பட்டாசுக்கு முன்னாலேயே போட்டோவுக்கு அணிந்துகொள்ளட்டும்.

"தீப்பட்டா உடனே இங்கைத் தடவு"

இங்க், பற்பசை, தோசை மாவு, மஞ்சள், வெண்ணெய் என்று வீட்டுக்கு வீடு ஒரு மருந்து. எதுவும் உதவாது. பற்பசை சில்லென்று இருப்பதால் குணமாவது போலத் தோன்றுகிறது. தோலுக்கு அடியில் சூடு தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். மருத்துவமனையில் காயத்தின் ஆழம் பார்க்க வேண்டுமானால் அந்தப் பூச்சையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டும், குழந்தை அலறும். ஐஸ்கட்டியும் வேண்டாம், வெந்த தோலை அது மேலும் கெடுக்கும். செய்ய வேண்டியது ஒன்றே: குழாயைத் திறந்து, ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவது. சும்மா நனைத்து எடுத்தால் போதாது, கடிகாரம் பார்த்து 20 நிமிடம். வளையல், மோதிரம், அரைஞாண் எது அந்த இடத்தில் இருந்தாலும் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு இவற்றில் பட்டாலும், கொப்புளம் போட்டாலும் டாக்டரிடம் போயே ஆக வேண்டும்.

"பாம்பு மாத்திரையில என்ன இருக்கு?"

சத்தம் இல்லை, பொறி இல்லை. மூன்று வயதுக்காரன் குந்தி உட்கார்ந்து, மூக்கு தொடும் தூரத்தில் பார்க்கிறான். புனேயின் நெஞ்சக ஆராய்ச்சி அறக்கட்டளை 2016-ல் பல பட்டாசுகளின் புகையை அளந்தபோது, நுண்துகள் வெளியிடுவதில் முதலிடம் பிடித்தது இந்தப் பாம்பு மாத்திரைதான். ஆயிரம் வாலா அதற்கு அடுத்துதான் வந்தது. கம்பி மத்தாப்பு, புஸ்வாணத்தையும் சங்கு சக்கரத்தையும் முந்திக்கொண்டது. குழந்தைகளுக்கென்று ஒதுக்கிவைத்த அட்டைப்பெட்டிதான் புகையில் முன்வரிசை.

பசுமைப் பட்டாசு என்றால் புகை வராது என்றும் ஒரு நினைப்பு. சிஎஸ்ஐஆர்-நீரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய முறையில் துகள் சுமார் 30 சதவீதம் குறையும். மிச்சம் 70 அப்படியேதான் இருக்கிறது. இளைப்பு உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் பச்சை முத்திரையை நம்பி வாசலில் நிறுத்த வேண்டாம். அதன் இன்ஹேலர் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்துவையுங்கள்.

"எண்ணெய் விட்டாத்தான் சளி போகும்"

தலைக்குக் குளிப்பதால் சளி பிடிப்பதில்லை. சளி வைரஸால் வருகிறது. ஐப்பசி மழையில், மூக்கை உறிஞ்சியபடி வந்து குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் மாமாவோடு வருகிறது. எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்டுங்கள், நன்றாகத் துவட்டுங்கள், தாராளமாகச் செய்யலாம். மூக்கிலும் காதிலும் வாயிலும் எண்ணெய் விடுவதுதான் வினை. மூக்கில் விட்ட எண்ணெய் சத்தமில்லாமல் நுரையீரலுக்கு இறங்கி, அங்கே கரையாமல் தங்கி ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் இதைப் பார்த்த மருத்துவர் ஒருவர் 1973-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிவிட்டார். ஐம்பது வருடம் தாண்டியும் சில வீடுகளில் இன்னும் விடுகிறார்கள். குளித்து முடித்த பச்சிளங்குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவதும் வேண்டாம். மணமாக இருந்தாலும் புகை புகைதான்.

தீபாவளி லேகியம் பெரியவர்கள் சமாசாரம். பல வீடுகளில் இறக்கும்போது தேன் சேர்ப்பார்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது. அதிலிருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் விதைகள் வீட்டு அடுப்புச் சூட்டுக்குச் சாகாது, குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். "நாக்குல தடவுறேன், அவ்வளவுதான்" என்று வரும் பாட்டியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

"புரையேறினா உச்சந்தலையில தட்டு"

யாரோ நினைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லித் தலையில் தட்டுவது நம் ஊர் வழக்கம். பாசத்துக்குச் சரி, அடைப்புக்கு உதவாது. தீபாவளித் தட்டில் உண்மையான பயத்துக்கு உரியது மிக்சரில் கிடக்கும் வேர்க்கடலை. அதோடு முழு முந்திரி, பொட்டுக்கடலை, கெட்டியான சீடை. கடைவாய்ப் பல் சரியாக முளைக்காத பிள்ளை அதை அரைக்காமல் வைத்திருந்து, சிரிக்கும்போதோ ஓடும்போதோ மூச்சோடு உள்ளே இழுத்துவிடும். ஐந்து வயது வரை முழுக் கடலை வேண்டாம். பொடித்தோ அரைத்தோ கொடுக்கலாம்.

பிள்ளை பலமாக இருமினால் இரும விடுங்கள், இருமலைவிடச் சிறந்த வைத்தியம் இல்லை. சத்தம் வரவில்லை, மூச்சு விட முடியவில்லை, முகம் நீலம் பாய்கிறது என்றால் அடைத்துக்கொண்டது என்று பொருள். ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்தம். ஒரு வயதுக்கு மேல் என்றால் முன்பக்கம் குனியவைத்து முதுகில் ஐந்து. பிறகு பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே மடக்கிய கைமுட்டியை வைத்து உள்நோக்கி மேலே ஐந்து அழுத்தம். வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தேடாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும்.

சில சமயம் கடலை மூச்சுக்குழாயைத் தாண்டி ஒரு பக்க நுரையீரலுக்குள் போய் அடங்கிவிடும். பிள்ளை கொஞ்சம் இருமிவிட்டு விளையாடப் போய்விடும். நாலு நாள் கழித்து விடாத இருமல், இளைப்பு. பட்டாசுப் புகை என்று நினைத்து சிரப் கொடுத்துக்கொண்டிருப்போம். புரையேறிய சம்பவம் ஒன்று நடந்திருந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

கடைசியாக, தீயே இல்லாத விளக்கு. குழந்தை இருக்கும் வீடு என்று எண்ணெய் அகலுக்குப் பதில் பேட்டரி அகல் வாங்கி வைக்கிறார்கள். சிலவற்றின் அடியில் இருப்பது பட்டன் பேட்டரி. மூடி லேசாகத் திறந்துகொள்ளும். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். ஸ்க்ரூ போட்டு மூடாத விளக்கை வாங்காதீர்கள். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காமல், எக்ஸ்-ரே வசதி இருக்கும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். 108 ஆம்புலன்ஸ் தீபாவளி அன்றும் உண்டு.